கருக்கு எழுதிய கை

(பத்தாம் வகுப்பு மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று தமிழ் ஆசிரியை கேட்டதும், நாங்கள் முதலில் எழுத நினைத்தது ஏலக்காயைப் பற்றித்தான். போடிநாயக்கனூரில் பிறந்தவர்கள் வேறு எதை எழுதுவார்கள்! ஏலத்தின் மணம், ஏலம் கூறும் கூடம், போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் என்று பாதிக் கட்டுரை தயாராகியும் விட்டது. அதை எடுத்து வைத்துவிட்டு, பாமா என்ற எழுத்தாளரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்ததற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு 'என் தாய்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் வழக்கம்போல் தாயை நடமாடும் தெய்வம் என்றும், தியாகச் சுடர் என்றும் எழுதியிருந்தோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும், தன் தாய் இருட்டோடு எழுந்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போவதையும், மழைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு அட்டைக் கடியோடு வேலை செய்வதையும் எழுதியிருந்தாள். "வெள்ளனத்துல எந்திரிச்சு எங்காத்தா மலைக்குப் போகும்" என்று அந்தக் கட்டுரை தொடங்கியது. அதை அவள் உரக்கப் படித்ததும் ஒருத்தி எழுந்து, "டீச்சர், அம்மா என்ன அஃறிணையா? 'போகும்' என்று எழுதியிருக்கிறாளே!" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை எங்களை அடக்கிவிட்டு, அரசுத் தேர்வில் மதிப்பெண் போய்விடுமே என்ற அக்கறையில், 'என் தாய் போவார்' என்று சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். தோழி ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

அந்த வாரச் சனிக்கிழமை நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நூலகப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஒரு மெலிந்த புத்தகத்தைக் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து பேசுங்கள்" என்றார். பாமா எழுதிய 'கருக்கு'. முதல் பக்கத்தைப் பிரித்ததும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புத்தகம் முழுவதும் எங்கள் தோழியின் தமிழில் இருந்தது! 'போகும்', 'வரும்', 'எந்திரிச்சு' எல்லாம் அச்செழுத்தில் இருந்தன. சிவப்பு மைதான் எங்கும் இல்லை.

பாமா 1958ஆம் ஆண்டு பிறந்தவர். பாஸ்டினா மேரி பாத்திமா ராணி என்பது இயற்பெயர். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகில் உள்ள புதுப்பட்டி அவருடைய ஊர். நம் ஊருக்குத் தென்கிழக்கே வருசநாட்டு மலைகளுக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே அந்த ஊரும் இருக்கிறது. நாம் காலையில் பார்க்கும் மலையின் மறுபக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்று சொல்லலாம். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். ஆய்வாளரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமன் (1950–2024) இவருடைய அண்ணன். தாழ்த்தப்பட்ட குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, படித்து ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் ஆசையால் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதை விட்டு வெளியே வந்தார். 1992இல் 'கருக்கு' வெளிவந்தது. தமிழில் ஒரு தலித் பெண் எழுதிய தன்வரலாறுகளில் முதன்மையாக வைத்துப் பேசப்படுவது இதுவே. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டுக்குரிய கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது. பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

கருக்கு என்பது பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் போல் இருக்கும் பல். சிறுமியாக இருந்தபோது விறகுக்காகப் பனைமட்டை பொறுக்கப் போய்க் கருக்கு கீறிய அனுபவம் அவருக்கு உண்டு. சமவெளிப் பக்கம் வீடுள்ள எங்களில் சிலருக்கும் உண்டு. கீறினால் அப்போது வலி தெரியாது. தண்ணீர் பட்டதும்தான் எரியும். இந்தப் புத்தகமும் அப்படித்தான். படிக்கும்போது பல இடங்களில் சிரிப்பு வருகிறது. இரவு படுத்த பிறகுதான் எரிகிறது.

முதலில் எரிந்த இடத்தைச் சொல்கிறோம். பாமா மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. பள்ளி விட்டு, கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் பிடிக்காமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். அவ்வளவு பெரிய மனிதர் பொட்டலத்தை அப்படித் தூக்கி வருவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் நேரே நிலக்காரரிடம் போய், குனிந்து, பணிவோடு அதை நீட்டுகிறார். நிலக்காரர் பிரித்துத் தின்கிறார். வீட்டுக்கு ஓடி வந்து அண்ணனிடம் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் வேடிக்கைக்காக அப்படித் தூக்கவில்லை, அவர் கைபட்டால் தீட்டு என்பதால்தான் நூலைப் பிடித்துத் தூக்கி வந்தார் என்று விளக்குகிறான். அதற்குப் பிறகு அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொட்டலத்தைத் தானே போய்த் தொட்டுவிட வேண்டும் என்ற ஆத்திரம்தான் வருகிறது.

இந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டோம். பாமாவாவது தெரியாமல் சிரித்தார். வயதும் எட்டுக்குள்தான். நாங்களோ பத்தாம் வகுப்பு!

சாதியைப் பற்றிப் பாமா எழுதும் முறை எங்களுக்குப் புதிதாக இருந்தது. பாடப் புத்தகத்தில் 'தீண்டாமை மனித நேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்று முதல் பக்கத்திலேயே படிக்கிறோம். படித்துப் படித்து, கண் அந்தப் பக்கத்தை நிற்காமல் கடந்துவிடுகிறது. பாமா 'பாவம்', 'கொடுமை' என்ற சொற்களை அடுக்கிக்கொண்டு போவதில்லை. யார் எங்கே நின்றார்கள், எந்தக் கையால் வாங்கினார்கள் என்று மட்டும் சொல்கிறார். அவருடைய பாட்டி வேலை செய்த வீட்டில், பழைய சோற்றை வாங்குவதற்குத் தன் பாத்திரத்தைச் சாக்கடை ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். வீட்டு அம்மாள் எட்ட நின்று, பாத்திரத்தில் பாத்திரம் படாமல் கவிழ்ப்பார். இதைக் கண்டு பேத்தி கொதிக்கிறாள். பாட்டியோ, அவர்கள் இல்லாவிட்டால் நாம் எப்படிப் பிழைப்பது என்று கேட்கிறாள். கொடுமையைக் காட்டிலும் அந்தப் பாட்டியின் பதில்தான் எங்களை அதிகம் வருத்தியது.

ஊரின் அமைப்பையும் அப்படியே வரைந்து காட்டுகிறார். தபால் நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பால் பண்ணை, பெரிய கடைகள், கோவில், பள்ளிக்கூடம் எல்லாம் மேல்சாதியார் தெருக்களில் இருக்கின்றன. ஆகவே அவர்கள் இந்தத் தெருப்பக்கம் வரவேண்டிய தேவையே இல்லை. இந்தத் தெருவினர் மட்டும் எல்லாவற்றுக்கும் அங்கே போய் நிற்க வேண்டும். இதைப் படித்தபின் எங்கள் மலையை நினைத்துப் பார்த்தோம். ஏலத் தோட்டங்களில் முதலாளியின் பங்களா காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் இருக்கும். அதற்குக் கீழே காய் உலர்த்தும் ஸ்டோர். இன்னும் கீழே, ஓடைப் பக்கம் லயம். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆனால் யார் எங்கே இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பள்ளியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாலையில் பிள்ளைகளோடு விளையாடும்போது பாமா ஒரு தென்னையில் ஏறுகிறாள். காய் ஒன்று தானாகவே கீழே விழுகிறது. மறுநாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், திருடி என்று சாதியைச் சொல்லித் தலைமையாசிரியர் திட்டி வெளியே நிறுத்துகிறார். பங்குக் குருவிடம் கடிதம் வாங்கி வந்த பிறகே வகுப்புக்குள் விடுகிறார்கள். அந்தக் குருவும் முதலில் அவளை நம்பவில்லை. இன்னொரு நிகழ்ச்சி கல்லூரியின் கடைசி ஆண்டில் நடக்கிறது. பிரிவு விருந்துக்கு எல்லாரும் பட்டுச் சேலை உடுத்துகிறார்கள். பாமாவுக்கு உடுத்த நல்ல சேலை இல்லை. யாரிடமும் இரவல் கேட்கவும் மனமில்லை. விருந்து முடியும் வரை குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு இருக்கிறார். எங்களில் ஒருத்தி இந்தப் பக்கத்தில் அழுதாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அண்ணன் ராஜ் கௌதமன் தங்கைக்குச் சொன்ன வழி, படிப்பு. படித்து முன்னால் நின்றுவிட்டால் மற்றவர்கள் தாமாக நம்மிடம் வந்து சேர்வார்கள் என்றார். பாமாவும் வெறியோடு படித்து வகுப்பில் முதலாவதாக வந்தார். தோழியரே, நம் பெற்றோரும் இதைத்தானே சொல்கிறார்கள்! ஆனால் பாமாவின் வாழ்க்கையைப் படித்தால், படிப்பு பாதிக் கதவைத்தான் திறந்தது என்று தெரிகிறது. பட்டம் பெற்று, வேலை பெற்று, துறவற உடை உடுத்திய பிறகும், 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்வி பின்னாலேயே வந்திருக்கிறது.

மடத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள்தான் எங்களுக்குப் பெரிய சங்கடமாக இருந்தன. ஏழைப் பிள்ளைகளுக்காகச் சேர்ந்தவர், அங்கே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே முதல் மரியாதை கிடைத்ததை எழுதுகிறார். ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஏழைகளிடமிருந்து தூர வாழ்வது எப்படி என்று கேட்கிறார். விடுதியில், பயிற்சி இல்லத்தில், சாதியின் பெயரால் கேட்ட சொற்களையும் மறைக்கவில்லை. கன்னியர் நடத்தும் பள்ளியில் படித்துக்கொண்டு இதை எப்படிப் பேசுவது? பயந்துகொண்டேதான் சிஸ்டரிடம் போனோம். "சிஸ்டர், இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நடக்காததை அந்தப் பிள்ளை எழுதவில்லை. தெரிய வேண்டும் என்றுதான் உங்களிடம் கொடுத்தேன்" என்றார். 'அந்தப் பிள்ளை' என்று அவர் சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது.

கடலுக்கு அப்பால் இதேபோல் எழுதிய ஒருவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்க நாவலாசிரியை டோனி மாரிசன் 1931இல் ஒஹாயோ மாநிலத்தில் லொரெய்ன் என்ற ஊரில், கறுப்பினத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் கத்தோலிக்கரானபோது அந்தோனி என்ற பெயரைப் பெற்றார். 'டோனி' அதிலிருந்து வந்தது. அவருடைய முதல் நாவல் 1970இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதில் பெக்கோலா என்ற கறுப்புச் சிறுமி, தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று ஏங்குகிறாள். நீலக் கண் வந்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பி நம்பிக் கடைசியில் மனம் பேதலித்துப் போகிறாள். மாரிசன் பள்ளியில் படித்தபோது உடன் படித்த ஒரு சிறுமி நீலக் கண் வேண்டும் என்று சொன்னாளாம். அது பல ஆண்டுகள் மனத்தில் கிடந்து நாவலாயிற்று. 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. 2019இல் காலமானார்.

அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கூட 'எந்தத் தெரும்மா?' என்று அவ்வளவு அன்பாகக் கேட்கிறார்! ஆனால் இரண்டும் ஒரு குழந்தையின் மனத்தில் செய்யும் வேலை ஒன்றுதான். தன் முகத்தையும் தன் தாயின் பேச்சையும் அதுவே வெறுக்கும்படி செய்துவிடுகின்றன. பெக்கோலா கேட்ட நீலக் கண்ணுக்குப் பதிலாக நம்மில் எத்தனை பேர் முகப்பூச்சு டப்பா வாங்குகிறோம்! (இந்த வரியை எடுத்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவள் பையில் டப்பா இருந்தது.)

இனி அன்பைப் பற்றி எழுத வேண்டும். 'காதல்' என்ற சொல்லை ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாமா எழுதியிருக்கிறார், ஆகவே நாங்களும் எழுதுகிறோம். 1994இல் வந்த 'சங்கதி' என்ற நாவலில் பாட்டி பேத்திக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறாள். இசக்கி என்ற பெண் வேறு சாதியில் ஒருவனை விரும்பிப் போய்விடுகிறாள். உடன்பிறந்தவர்களே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். இசக்கி பேயாகி மற்றப் பெண்களைப் பிடிக்கிறாள். கதையைக் கேட்டுப் பயந்த பேத்தி, பெரியவளான பிறகு வேறு விதமாக யோசிக்கிறாள். காட்டில் வேலை, வீட்டில் வேலை, கணவனின் அடி, ஓய்வே இல்லை. மனத்தில் உள்ளதைச் சொல்லவும் வழியில்லை. இப்படிப்பட்ட பெண்களைத்தானே பேய் பிடிக்கிறது என்று கேட்கிறாள். பேய் ஓட்டுவதற்குப் பூசாரியிடம் போவதைவிட, அந்தப் பெண்ணைப் பத்து நாள் ஓய்வாக இருக்கவிட்டால் போதாதா என்று எங்களுக்கும் தோன்றியது.

இசக்கியின் கதை பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலும் இப்படிப்பட்ட ஓர் இளம் தம்பதியின் கதைதான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. உலகம் அதை நாவலாகப் படிக்கிறது. நமக்குச் செய்தித்தாளாகவே வந்துவிடுகிறது.

ஆனால் பாமாவின் எழுத்தில் அன்பு என்பது காதல் மட்டுமன்று. மடத்தை விட்டு வந்தபின் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தனியாக வாழ்வதையே தேர்ந்தெடுத்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் ஆசிரியையாகப் பணி செய்தார். தனியாக வாழும் பெண்ணைப் பற்றிய நாவலே 'மனுசி'. அவருடைய அன்பு பெரும்பாலும் தம் தெருப் பெண்களின் மீது பொழிகிறது. ஆணுக்கு ஒரு கூலி, அதே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று வாங்கி வந்தும், குளத்தில் குதித்து நீந்திக்கொண்டு, களை எடுக்கும்போது பாட்டுக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு இருக்கும் பெண்கள் அவர்கள். 'சங்கதி'யில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி வருகிறாள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போய் வீட்டுக்குச் சோறு போடுகிறாள். நம்மைவிடச் சின்னவள். அவளைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று பாமா எங்கும் சொல்லவில்லை. அவள் பேசுவதை, ஓடுவதை, அடம் பிடிப்பதைச் சொல்கிறார். இரக்கப்படுவதற்கும் நேசிப்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு இங்கேதான் விளங்கிற்று.

மரியாதையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 'அண்ணாச்சி' என்பது தலைப்பு. 'கிசும்புக்காரன்' தொகுப்பில் இருக்கிறது. அம்மாசி என்ற இளைஞன் மேல்சாதிக்காரர் ஒருவரை 'ஐயா', 'முதலாளி' என்று அழைக்காமல் 'அண்ணாச்சி' என்று அழைத்துவிடுகிறான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அண்ணன் என்றுதான் சொன்னான். அதுவே பெரிய குற்றமாகிவிடுகிறது. நம் கடைத்தெருவில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும் சொல் அது! யார் யாரை அப்படி அழைக்கிறார்கள், யார் அழைப்பதில்லை என்று ஒரு மாலை முழுவதும் நாங்கள் கவனித்துப் பார்த்தோம். நீங்களும் பாருங்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. பாமா எழுத்தாளர் ஆக வேண்டும் என்று திட்டமிட்டு எழுதியவர் அல்லர். மடத்தை விட்டு வெளியே வந்தபோது வேலை இல்லை, கையில் பணம் இல்லை, ஊரார் முகத்தைப் பார்க்கவும் கூச்சம். அந்தத் தனிமையில், மனத்தில் உள்ளதை எழுதிப் பாருங்கள் என்று நண்பரான ஒரு குரு சொல்ல, குழந்தைப் பருவ நினைவுகளை எழுதத் தொடங்கினார். எழுத எழுத மனப் பாரம் இறங்கியது. புத்தகமாக வரும் என்று எண்ணி எழுதியதல்ல. அதனால்தான் அது யாருக்கும் பயப்படாத மொழியில் இருக்கிறது போலும். டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை செய்துகொண்டு, இரண்டு ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, அவர்கள் விழிப்பதற்கு முன் விடியற்காலையில் எழுதியவர். அந்த நேரத்தில் நம் ஊரில் ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். அவற்றில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடமும் எத்தனையோ கதைகள் இருக்கும். அவர்களுக்கு எழுத நேரம் ஏது?

'கருக்கு' வந்தபோது இலக்கணத் தமிழ் தெரியாதா, இப்படிக் கொச்சையாக எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பாமா ஆசிரியையாக இருந்தவர்; இலக்கணம் தெரியாமல் எழுதவில்லை. தம் மக்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சில்தான் சொல்ல முடியும் என்று தெரிந்தே எழுதினார். சொந்த ஊரிலும் எதிர்ப்பு வந்தது. ஊரின் மானத்தைப் போக்கிவிட்டாள் என்று கோபம் கொண்டார்கள். பல மாதங்கள் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் புத்தகத்தை வாசித்துக் காட்டிய பிறகே நிலைமை மாறியது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் 'சங்கதி'யை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. மகாசுவேதா தேவியின் கதையும் சுகிர்தராணியின் கவிதைகளும் அதோடு நீக்கப்பட்டன. 2024இல் தமிழ்நாடு அரசு பாமாவுக்கு ஔவையார் விருது அளித்தது. ஓரிடத்தில் நீக்குகிறார்கள், ஓரிடத்தில் மாலை போடுகிறார்கள். புத்தகம் மாறவில்லை.

மலைத் தோட்டங்களைப் பற்றித் தமிழில் எழுத்து இல்லாமல் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழரின் துன்பத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்று எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வந்தது. அதை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இவை வெளியிலிருந்து பார்த்து எழுதியவை. தோட்டத்திலேயே பிறந்து எழுதியவர் என்றால் இலங்கையின் சி.வி.வேலுப்பிள்ளையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏலமலையில் காய் எடுக்கும் ஒரு பெண்ணோ, அவளுடைய மகளோ எழுதிய புத்தகத்தை எங்கள் நூலகத்தில் தேடிப் பார்த்தோம். மூன்று அலமாரியையும் பார்த்தோம். இல்லை.

பிறகு நாங்கள் செய்த ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம், வாயில் வரவில்லை. அவளுடைய அம்மா கால் கழுவிவிட்டு, அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேச வேறு ஒன்றும் இல்லாததால், பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கி வரும் அந்தப் பக்கத்தை எங்களில் ஒருத்தி வாசித்துக் காட்டினாள். அவர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இதையெல்லாமா பொஸ்தகத்துல போட்டுருக்காக?" என்றார். ஆமாம் என்றோம். கல்லூரியில் படிக்கிறார்கள் என்றும் சொன்னோம். நம்பாமல் எங்கள் முகத்தையே பார்த்தார்.

"அப்பிடின்னா நான் சொல்லுறதையும் கேளுங்க. எங்காத்தா காலத்துல மலையில டீத்தண்ணிய கொட்டாங்குச்சியிலதான் ஊத்துவாக. குடிச்சுட்டுக் கழுவி வேலியில சொருகி வச்சுட்டு வரணும். யாருது எதுன்னு அடையாளம் தெரியணும்ல? எங்காத்தா தன்னோட கொட்டாங்குச்சியில ஒரு செவப்பு நூலு கட்டி வச்சிருந்துச்சு..."

தோழி எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். சிவப்பு மையால் திருத்தியிருந்த அதே நோட்டு. பேனாவில் மை இல்லை. எங்களில் ஒருத்தி தன் பேனாவைக் கொடுத்தாள்.

"மெதுவாச் சொல்லுத்தா" என்றாள் தோழி.